ஜெயராணி அக்கா கடையில் அளவு கொடுக்க வந்தவர்கள்

ஜெயராணி அக்கா இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். காலையில் அவர் மகன் போன் பண்ணினான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருந்தவர். நான் அப்போது அங்கே அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பால்வினை நோய் டெஸ்ட்டுக்கு ஆஸ்பத்திரி வரத் தயங்குகிறவர்களைத் தெருவுக்கே போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

முதல் கேம்ப் அவர் கடைக்கு எதிரே. பேனர், நாற்காலி எல்லாம் போட்டு... மதியம் வரை ஒருவரும் வரவில்லை.

அக்காதான் வந்தார். "அம்புட்டுப் பெரிய எழுத்துல வியாதி பேரப் போட்டா எவ வருவா? எங்கடைக்கு வா. ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்கப் போறேன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாக."

அளவெடுக்கிற திரைக்குப் பின்னால் என் கிட். முதல் விரலை அவரே நீட்டினார். குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை டெஸ்ட் அட்டையில் விட்டேன்.

"ஒரு சொட்டு போதுமா? ரத்தத்துல இருக்கது இந்த அட்டைக்கு எப்படிட்டி தெரியும்?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோடு விழும்வரை குனிந்து பார்த்தார்.

"ஒரு கோடுதான். உங்களுக்கு ஒண்ணுமில்லக்கா."

"ரெண்டு விழுந்தா?"

"மருந்து இருக்கு."

"அத மொதல்ல சொல்லு எல்லார்ட்டயும்."

பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஒருநாள், ஜாக்கெட்டைத் தளர்த்த வந்த ஒரு பெண். யாரென்று எழுத மாட்டேன். ஆறு மாதக் கர்ப்பம். ரெண்டு கோடு... சிபிலிஸ்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு டெஸ்ட் எடுத்து ஊசி போட்டால் குழந்தையைக் காப்பாற்றலாம் என்றேன். "யாராச்சும் பாத்துட்டா?" என்று அழுதாள். பிறகு அவளே அக்காவைக் கூப்பிட்டாள்.

அக்கா எதுவும் கேட்கவில்லை. "ராஜபாளையம் போவோம். அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

வாரம் ஒன்றாக மூன்று ஊசி. மூன்று தடவையும் கடையைப் பூட்டிவிட்டு அவளோடு பஸ் ஏறினார். இரண்டாம் வாரம் அவள் புருஷனும் கூட வந்தான். அவனுக்கும் ஊசி.

எனக்கு ஆச்சரியம். "எப்படிக்கா வரவச்சீங்க?"

"நான் எங்க வரவச்சேன்? அவதான் பேசுனா. நான் வாசல்ல நின்னேன்."

"அட்டையப் பத்தி அம்புட்டுக் கேட்டீங்க. அவளுக்கு என்னன்னு மட்டும் கேக்கவே இல்லியே?"

சிரித்தார். "அட்டையக் கேட்டா அதுக்கு வெக்கமா வரப்போவுது?"

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. அதற்கும் டெஸ்ட் எடுத்தோம். ஒன்றுமில்லை.

இதை எழுதுவதற்குள் தெரியாத நம்பர்களிலிருந்து இரண்டு போன். இரண்டும் பெண்கள். அக்காவை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

நாலு மணிக்கு என்றேன். அவர்கள் பெயர் சொல்லவில்லை... நானும் கேட்கவில்லை.

போய் வாங்கக்கா.