நிமிஷம்மா திருத்திய மாத்திரை அட்டவணை

வேற்றுமை பாராமை அறங்களுள் அரியது. கொடுப்பதில் வேற்றுமை பாராதவர் உண்டு; அன்பு செய்வதில் பாராதவரும் உண்டு. காத்து நிற்பவர் அனைவரையும் ஒரே அளவு காத்து நிற்கச் செய்யும் நேர்மையோ மிகச் சிலருக்கே வாய்க்கிறது. அச்சிலருள் ஒருவர் நகரப் பேருந்துப் பணிமனையில் இருபத்தொன்பது ஆண்டுகளாக நேரக்காப்பாளராய் இருக்கும் அம்மையார். பெற்றோர் இட்ட பெயர் அவருடைய பணிப்பதிவேட்டில் மட்டுமே உறைகிறது. ஓட்டுநர் அனைவருக்கும் அவர் நிமிஷம்மா. பன்னிரண்டு நிமிடத்துக்கொரு வண்டி என்று அட்டவணையில் எழுதினால், பதினொன்றையும் பொறுக்கமாட்டார்; பதின்மூன்றையும் பொறுக்கமாட்டார்.

அவருடைய அறை பணிமனை வாயிலுக்கு மேலே கண்ணாடிக்கூண்டு போல நிற்கும். அதற்கு இரும்புப் படிகள் முப்பத்தெட்டு. மேசைமேல் ஒலிபெருக்கி உண்டு. அங்கிருந்தே யாரையும் அழைக்கலாம், அனுப்பலாம். ஆனால் எந்த ஓட்டுநரையும் அன்றைய முதல் நடைக்கு அனுப்புமுன், கீழே இறங்கி வந்து, அவர் முகத்தை ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்த பிறகே தாளில் கையெழுத்திடுவார். கண்ணில் தூக்கம் மிச்சமிருந்தால் குழாயடிக்கு அனுப்புவார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த முகமென்றால் இரண்டு நிமிடம் பேசவிட்டு, மூன்றாம் நிமிடம் வண்டியில் ஏற்றுவார். இப்படி நாளொன்றுக்குப் பத்து முறையேனும் ஏறி இறங்குவார்.

அந்தப் படிகளில்தான் ஒரு நாள் முற்பகலில் நெஞ்சு இறுகியது. சில வாரங்களாகவே ஏறும்போது மார்பின் நடுவில் ஒரு பாரம் வந்து, நின்றால் கரைந்துகொண்டிருந்தது. அன்று நின்றும் கரையவில்லை, உட்கார்ந்தும் கரையவில்லை, இடக்கை வழியாக முழங்கைவரை இறங்கியது. வியர்வையில் நனைந்த அவரைப் படியில் கண்டவர், பெரிய மீசைக்காக மீசை என்றே அழைக்கப்படும் மூத்த ஓட்டுநர்.

"அக்கா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். அசையாதீங்க."

"பத்து மணி பன்னிரண்டு நிமிஷ வண்டி போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"வண்டி போகும். நீங்க போயிடக் கூடாதுன்னுதான் சொல்றேன். பேசாம இருங்க."

ஆம்புலன்ஸில் வந்த செவிலியர் ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்தார். "விழுங்காதீங்கம்மா, நல்லா மென்னு தின்னுங்க. ரத்தம் கட்டாம இருக்கத்தான்." மென்றவாறே நிமிஷம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒம்பது நிமிஷத்துல வந்திருக்கீங்க. பரவாயில்லை," என்று பாராட்டினாராம்.

மருத்துவமனையில் ஐந்து நாள். இரத்தம் உறையாமலிருக்க வயிற்றுத் தோலில் காலையும் மாலையும் ஊசி, மேலும் ஒரு மாத்திரை, நாடித்துடிப்பை அடக்கி நடத்த ஒன்று, கொழுப்பைக் கரைக்க ஒன்று. இதயக் குழாய்களைப் படம்பிடித்துப் பார்த்ததில் பெரிய குழாய்கள் மூன்றும் நன்றாகவே இருந்தன. ஒரு சிறு கிளை மட்டும் இறுகியிருந்தது. குழாயை விரித்துப் பிடிக்கும் 'ஸ்டென்ட்' கம்பிவலை வைக்க முடியாத மெலிந்த கிளை. "மருந்தே போதும்," என்றார் இதய மருத்துவர். முப்பது வயதைத் தாண்டாத பெண். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும்.

விடைகொடுக்கும்போது அவர் ஒவ்வொரு மாத்திரையாய்க் காட்டி விளக்கினார். இரத்தம் கட்டாமல் காக்கும் இரண்டையும் ஒரு நாளும் விடக்கூடாது. நாக்கின் அடியில் வைக்கும் சிறு மாத்திரைகளைப் பழுப்புக் கண்ணாடிச் சீசாவை விட்டு வேறு டப்பாவுக்கு மாற்றக்கூடாது. வலி வந்தால் முதலில் உட்கார வேண்டும், பிறகு ஒன்று வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி போகாவிட்டால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கடைசியாக வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்தார்.

"இது குழாயை விரிச்சுக் குடுக்கிறது. காலையில எட்டு மணிக்கு ஒண்ணு, மத்தியானம் மூணு மணிக்கு ஒண்ணு. ராத்திரிக்குக் கிடையாது. சரியாம்மா?"

சரியென்று நிமிஷம்மா தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் அவருக்கே முழுச் சம்மதம் இல்லை.

வீட்டில் முதல் மூன்று வாரம் மருந்துப்பெட்டி கணவரின் ஆட்சியில் இருந்தது. அவர் முடிதிருத்துநர், கத்தரி நின்றாலும் வாய் நிற்காதவர். எட்டுக்கும் மூன்றுக்கும், வீட்டின் கீழ்த்தளத்திலிருந்த கடையைப் பாதி முகச்சவரத்தில் விட்டுவிட்டு மேலே வந்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவார். தலை விண்விண்ணென்று தெறிப்பதாக மனைவி குறைசொல்வார். அது குழாய் விரிகிற அடையாளம், சில நாளில் குறையும் என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தார். நெஞ்சோ நாளுக்கு நாள் தெளிந்தது. தெருமுனை, சந்தை, பூங்கா என்று நடை நீண்டது; வீட்டு மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினார்.

பணிக்குத் திரும்பிய நாளில் பணிமனை மேலாளர் அன்போடும் கண்டிப்போடும் ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டு வாரத்தில் 'ட்ரெட்மில்' என்னும் நடைப்பட்டைச் சோதனை. மருந்துகளை வழக்கம்போல் எடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். அந்த நடையிலும் நெஞ்சு வலித்தால், படியில்லாத வேலைக்கு மாற்றம்.

"படியில்லாத வேலைன்னா எது சார்?"

"தொலைஞ்ச பொருள் பிரிவும்மா. தரைத்தளம். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி."

"குடைக்கும் ஒத்தச் செருப்புக்கும் நான் நேரம் எழுதணுமா? அதுங்க எங்கேயும் புறப்படாதே சார்!"

மேலாளரும் சிரித்துவிட்டார், நிபந்தனையை மட்டும் விடவில்லை. அன்று முதல் நிமிஷம்மாவுக்கு உலகில் ஒரே ஒரு கவலை: அந்தக் கண்ணாடிக்கூண்டு தமக்கா, இல்லையா.

மருந்துப்பெட்டி அன்றே அவர் கைக்கு மாறியது. மாலையில் ஒரு வெள்ளைத்தாளை விரித்தார். அளவுகோல் வைத்துக் கோடிட்டார். நீலமையும் சிவப்புமையும் எடுத்தார். வெள்ளை மாத்திரையின் வரிசைக்கு வந்ததும் பேனா நின்றது.

"ஏங்க, இதைப் பாருங்களேன். எட்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஏழு மணி நேரம். மூணுலேருந்து மறுநாள் எட்டு வரைக்கும் பதினேழு மணி நேரம்! பதினேழு மணி நேரம் ஒரு நிறுத்தத்துல வண்டியே வரலேன்னா ஜனங்க கல்லை விட்டு எறிவாங்க."

"உன் நெஞ்சு என்ன பேருந்து நிறுத்தமா?"

"காலையில எட்டு, ராத்திரி எட்டு. சரிபாதி. எவ்வளவு அழகா இருக்கு!"

"டாக்டர் எழுதினதை நீ திருத்தலாமா?"

"அந்தப் பொண்ணு மருந்து படிச்சிருக்கு. அட்டவணை படிக்கலையே!"

கணவர் இன்னொரு முறை வாய்திறந்தார். இருபத்தொன்பது ஆண்டுப் பணியனுபவம் தம்மை உற்றுப் பார்ப்பதைக் கண்டு, கத்தரிக்கு எண்ணெய் விடக் கீழே இறங்கிப் போனார்.

முதலில் திருத்தம் வெற்றி பெற்றதாகவே தோன்றியது. இரண்டே நாளில் தலைவலி மறைந்தது. "பாத்தீங்களா, தலைவலியே போச்சு!" என்று கணவரிடம் கொண்டாடினார். ஐந்தாம் நாள் முப்பதாம் படியில் மூச்சு கனத்தது. ஆறாம் நாள் இருபத்திரண்டாம் படியிலேயே அந்தப் பழைய பாரம் மார்பில் வந்து அமர்ந்தது.

சொல்லிக்கொடுத்தபடியே அவரும் அமர்ந்தார். பழுப்புச் சீசாவைத் திறந்து நாக்கின் அடியில் ஒன்றை வைத்தார்; கடிகாரத்தைப் பார்த்தார். கீழே மீசை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் நான்கு ஓட்டுநர்கள்.

"எத்தனை நிமிஷம்க்கா ஆச்சு?"

"மூணு. குறையுது. என்னடா எல்லாரும் இப்படி முழிக்கிறீங்க? தொப்பியைப் போடு மீசை, உன் வழுக்கை கண்ணைக் கூசுது."

நான்காம் நிமிடத்தில் வலி அடங்கியது. ஓட்டுநர்கள் சிரித்தபடி கலைந்தனர். ஆனால் படியிலேயே அமர்ந்திருந்தவரின் கண்கள் கண்ணாடிக்கூண்டின்மேல் நின்றன. சோதனைக்கு இன்னும் எட்டே நாள்.

அன்று பிற்பகலே கணவர் கடையை அடைத்துவிட்டு அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் நாடி பார்த்தார், இரத்த அழுத்தம் பார்த்தார், இதயத்தின் அலைவரைபடம் எடுத்தார். புதிதாய் ஒன்றும் கெட்டுவிடவில்லை. "மூணு வாரம் நல்லா இருந்திருக்கு. இப்ப ஏன் திரும்ப வருது? இன்னொரு மருந்து சேக்கணுமோ?" என்று யோசித்தபடி மருந்துச்சீட்டை இழுத்தார். பேனா தாளைத் தொடுமுன், "மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடறீங்கதானேம்மா?" என்று கேட்டார்.

நேரத்துக்கா என்று நிமிஷம்மாவிடம் கேட்பதா! கைப்பையிலிருந்து மடிக்காமல் சுருட்டி வைத்த அட்டவணையை எடுத்து மேசையில் விரித்தார். இருநிற மை, அடியில் கையெழுத்து, பழக்கதோஷத்தில் பணிமனை முத்திரைகூட.

மருத்துவர் ஒவ்வொரு வரிசையாய் விரலோட்டிக்கொண்டு வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ராத்திரி எட்டா? நான் மூணு மணின்னுதானே சொன்னேன்?"

"சரிசமமா இருக்கட்டும்னு நான்தான்..." குரல் வழக்கத்துக்கு மாறாய்த் தேய்ந்தது.

"நான் அப்பவே சொன்னேன் டாக்டர்," என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க."

மருத்துவரின் கண்கள் சிரிப்பில் மூடிக்கொண்டன. சிரித்து முடித்துவிட்டுப் பொறுமையாய்ச் சொன்னார்: "அம்மா, இந்த மருந்து இடைவிடாம ரத்தத்துல இருந்துட்டே இருந்தா குழாய்க்குப் பழகிப்போயிடும். அப்புறம் எவ்வளவு குடுத்தாலும் விரியாது. தினமும் சில மணி நேரம் மருந்தே இல்லாம இருக்கணும். அப்பத்தான் காலையில போடறப்போ மறுபடி வேலை செய்யும். அதுக்காகத்தான் இந்த ஏழும் பதினேழும்."

நிமிஷம்மா தாளிலிருந்த நேரங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது.

"ராத்திரியில வண்டியெல்லாம் பணிமனைக்குத் திரும்பி, கழுவி, எண்ணெய் பாத்து நிக்கணும். ஓடிட்டே இருந்தா நடுரோட்டுல படுத்துடும். அதானே சொல்றீங்க?"

"அதேதான்!"

"அப்போ ராத்திரிக் காவலுக்கு யாரு?"

"துடிப்பை அடக்கிற மாத்திரை இருக்கே, அது ராத்திரியும் முழிச்சிருக்கும். மத்ததும் அதது வேலையைப் பாக்கும். ஆனா வலி திரும்ப வந்தா மறைக்காம ஓடி வரணும். அட்டவணையை மாத்தணும்னு தோணிச்சுன்னாலும் முதல்ல எனக்குச் சொல்லணும்."

புது மருந்து எதுவும் எழுதப்படவில்லை. நிமிஷம்மா அங்கேயே சிவப்பு மையால் 'இரவு எட்டு' என்பதை அடித்து, 'பிற்பகல் மூன்று' என்று எழுதி, திருத்தத்துக்கு எதிரே மருத்துவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அன்றே இரவு மாத்திரை நின்றது. மூன்றாம் நாள் காலை தலை மறுபடி விண்ணென்றது. "ஏங்க! தலை வலிக்குதுங்க!" என்று அவர் மாடியிலிருந்து கூவிய மகிழ்ச்சியைக் கேட்டு, கீழே கடையில் நுரை பூசிய முகத்தோடு அமர்ந்திருந்த வாடிக்கையாளர் திகைத்துப்போனார். "தலைவலிக்கா இவ்வளவு சந்தோஷம்?" "வண்டி திரும்ப ஓடுதுங்க," என்றார் முடிதிருத்துநர், கத்தியைத் தீட்டியபடி.

சோதனை நாளில் நடைப்பட்டை அறைக்கு வெளியே கணவரும், விடுப்பிலிருந்த மீசையும், கூட மூன்று ஓட்டுநர்களும் சுவரோரம் நின்றனர். பட்டை மெல்ல ஓடியது, பிறகு வேகங்கொண்டது, சாய்ந்து ஏற்றமாயிற்று. நான்கு நிமிடம். ஆறு. மார்பில் ஒட்டிய கம்பிகள் குலுங்க அவர் நடந்துகொண்டேயிருந்தார். மருத்துவர் திரையையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நெஞ்சுல ஏதாவது இருக்காம்மா?"

"காலுதான் வலிக்குது. நெஞ்சு சும்மா இருக்கு."

ஒன்பதாம் நிமிடம் முடிந்ததும் மருத்துவர் பொத்தானை அழுத்திப் பட்டையை நிறுத்தினார். "போதும். படியேறலாம்; இறங்கலாம். சான்றிதழ் இன்னைக்கே தர்றேன்." கதவு திறந்ததும் மீசை போட்ட கைத்தட்டலில் அடுத்த அறைக் குழந்தையொன்று விழித்துக்கொண்டு அழுதது.

மறுநாள் காலை மேலாளர் சான்றிதழைப் படித்துக் கோப்பில் வைத்தார். நிமிஷம்மா முப்பத்தெட்டுப் படியும் ஏறி, மீண்டும் இறங்கி வந்து, முதல் நடைக்கு நின்ற மீசையின் முகத்தைப் பார்த்தார். அதில் ஏதோ ஒரு வேண்டுகோள் இருந்தது.

"அக்கா, இப்பத்தான் சரிசமம் எல்லாத்துக்கும் ஒத்துவராதுன்னு புரிஞ்சிடுச்சே. மத்தியானம் எனக்குக் கொஞ்சம் இடைவெளி கூட்டி, சாயங்காலம் குறைச்சுக் குடுத்தா..."

"அது நெஞ்சுக்கு, மீசை. இது ஊருக்கு. பன்னிரண்டுன்னா பன்னிரண்டு. ஏறு."

ஏறினார். வண்டி வாயிலைக் கடந்தது. நேரம் தவறவில்லை.

இந்த அம்மையாரும் அவர்தம் துணைவரும் நெடிது வாழ்க. அவ்வில்லத்து விளக்கு அணையாதிருக்க, அடுப்பு குளிராதிருக்க, அங்கு எழும் பேச்சும் எதிர்ப்பேச்சும் நாள்தோறும் நகையில் முடிக. அவர்கள் உண்பது மருந்தாயினும் அமுதாயினும் உடலில் சேர்ந்து நலமாய் விளைக. எல்லாம் வல்ல இறைவன் அவ்வீட்டு வாயிலில் இமையாது நின்று, உள்ளிருப்போர் அனைவரையும் காத்தருள்க.