கராஜ் அடுப்பும் வேட்டைச் சட்டையும்

எங்கள் வீட்டில் இரண்டு சமையலறைகள். ஒன்று வீட்டுக்குள்ளே, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு. மற்றது கராஜுக்குள்ளே, சமைப்பதற்கு. நாங்கள் வந்து குடியேறிய பிளாக்ஹவுஸ் பே புறநகரில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து வீடுகளில் பாதிக்கு மேல் இதுதான் ஏற்பாடு. மீன் பொரிப்பதும் கருவாடு வதக்குவதும் கறித்தூள் வறுப்பதும் கராஜில் நடக்கும். கார் வெளியே மழையில் நிற்கும். அந்தக் கராஜ் அடுப்பால் வேட்டையில் மூன்று வருடம் எங்களுக்கு ஒரு மான்கூடக் கிடைக்கவில்லை. அதே அடுப்பால்தான் என் மச்சான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறான். முதலாவது கதையைச் சிரித்துச் சிரித்து ஊருக்கெல்லாம் சொன்னேன். இரண்டாவதை ஒரு வருடம் முழுக்க வாய்க்குள் வைத்திருந்தேன்.

வேட்டை எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாத பழக்கம். கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒருநாள் மான் தொடை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். மனைவி அதை ஆட்டிறைச்சிக் கறி வைக்கிற மாதிரியே வைத்தாள். அன்றைக்கு நாங்கள் சாப்பிட்ட சோற்றின் அளவை இப்போது சொன்னால் வெட்கம். அடுத்த வருடம் நான் லைசன்ஸ் எடுத்துத் வேட்டைத் துவக்கு ஒன்றும் வாங்கிவிட்டேன்.

மனைவி அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, உதுக்குப் பயந்துதானே கடல் கடந்து ஓடி வந்தனாங்கள். நீங்கள் கடைக்குப் போய்த் தெரிஞ்செடுத்துக் கொண்டு வந்திருக்கிறியள்!"

அவள் சொன்னது உண்மை. ஆனால் அவள் பாதியில் விடுகிற ஆள் இல்லை. வீட்டில் ஒரு சாமான் இருந்தால் அதைப் பற்றி முழுக்கத் தெரிய வேண்டும் என்று தானும் படித்து, சோதனை எழுதி, என்னைவிட நல்லாகச் செய்து லைசன்ஸ் எடுத்தாள். நகரத்தின் மறுபக்கம் ஆல்பனியில் இருக்கிற அவளுடைய தம்பி, கம்ப்யூட்டரைத் தவிர வேறொன்றையும் தூக்கிப் பழகாதவன், அக்கா எடுத்தால் நானும் என்று வந்து சேர்ந்தான். அப்போது பத்து வயதாக இருந்த மகளை விட்டுவிட்டுப் போக இடமில்லை. ஆக நாலு பேர்.

"இலக்கு என்னவென்று ஐயமறத் தெரியாமல் விசையில் விரல் வைக்காதே" என்ற விதியை நான்தான் ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன். மகளைத் தினமும் படிக்கச் சொன்னதும் நான்தான். அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரி தமிழ்நாட்டுக்காரி. நாங்கள் துவக்குப் பையை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "நிஜமாவே மானா? எங்க ஊர்ல இதுக்கு ஜெயில்ல போட்டுடுவாங்க, தெரியுமா?" இந்த நாட்டில் மான் காட்டைத் தின்று தீர்க்கிற தொல்லை, சுட்டால் சந்தோஷப்படுவார்கள் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. பிற்காலத்தில் இறைச்சி கொடுத்தபோது மட்டும், தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

ஏப்ரல் வந்தால் காட்டில் ஆண் மான்கள் துணை தேடி உறுமத் தொடங்கும். அதுதான் எங்கள் பருவம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நாலு மணிக்குப் புறப்பட்டால் நெரிசலைத் தாண்டி ஐந்து மணித்தியால ஓட்டம். வெள்ளிக்கிழமை என்பதால் வண்டிக்குள் இடியப்பமும் சம்பலும் சொதியும்தான். மீன், இறைச்சி என்று மச்சம் கிடையாது. மச்சமே இல்லாத நாளில் உயிரைக் கொல்வதும் கிடையாது என்பது மனைவி போட்ட சட்டம். ஒரு தடவை மத்தியானமே புறப்பட்டோம்; அந்தி சாயும் முன்னே, நாங்கள் தங்கப்போகிற காட்டுக் குடிலுக்குக் கிட்டவே, ஐந்து மான்கள் அசையாமல் நின்று எங்களைப் பார்த்தன.

"அக்கா, விரதம் எனக்குத்தானே, துவக்குக்கு இல்லையே?" என்று மச்சான் கெஞ்சினான்.

"வாயை மூடிக்கொண்டு இடியப்பத்தைச் சாப்பிடு."

"தே நோ இட்ஸ் ஃப்ரைடே," என்றாள் மகள். அந்த மான்களுக்கு நாள் தெரியும் என்றுதான் எனக்கும் பட்டது. சனிக்கிழமை விடிந்தால் ஒன்றையும் காணோம்.

மூன்று வருடம் இதே கதை. பள்ளத்திலிருந்து உறுமல் கேட்கும், எங்களை நோக்கி வரும், கிட்ட வந்து நிற்கும். பிறகு மான் வெருண்டு நாய் குரைப்பது போல ஒரு சத்தம், கிளை முறிய ஓடுகிற சத்தம், அவ்வளவுதான். என் இருமலில் பழி போட்டார்கள். நான் மனைவியின் காப்புச் சத்தத்தில் போட்டேன். மச்சானின் போன், மகளின் சிப்ஸ் பை என்று எல்லாருக்கும் ஒரு முறை வந்தது.

மூன்றாம் வருடம் மழையில் நனைந்த ஒரு கிழ வேட்டைக்காரர் எங்கள் குடிலுக்குள் வந்தார். மூக்கை உறிஞ்சினார். "ராத்திரிச் சாப்பாடு என்ன? வாசம் தூக்குகிறதே!" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாங்கள் அடுப்பே மூட்டவில்லை. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கிழவர் வாசத்தைப் பிடித்துக்கொண்டே போய், கதவடியில் தொங்கிய எங்கள் சட்டைகளுக்கு முன்னால் நின்றார்.

கராஜ் அடுப்புக்கு நேர் மேலே இருந்த ஆணிகளில்தான் அந்தச் சட்டைகள் வருடம் முழுக்கத் தொங்கும். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை என்று எல்லாம் அதற்குக் கீழேதான் வறுபடும். மூன்று வருடமாக நாங்கள் காற்றில் கறி காய்ச்சிக்கொண்டே மான் பிடிக்கப் போயிருக்கிறோம். மகள் தரையில் உருண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு சட்டைகளை அப்பச்சோடா போட்டுக் கழுவி, எலுமிச்சை மரத்தடிக் கொடியில் காயவைத்து, பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டி வைத்தோம். அடுத்த ஏப்ரலில் மச்சான் முதல் மானைச் சுட்டான். சுட்டவுடன் அவனே அழுதான், அக்காவும் சேர்ந்து அழுதாள், பிறகு இரண்டு பேரும் கத்தியைத் தீட்டினார்கள். அதற்கடுத்த வருடம் மனைவி பன்னிரண்டு கிளைக் கொம்பன் ஒன்றை ஒரே வெடியில் விழுத்தினாள். மச்சான் பின்னங்கால் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு ஓடைக்குள் விழுந்து, காலை விடாமல் தன் மூக்குக் கண்ணாடியை விட்டான். மகளுடைய பிறந்தநாளுக்கு மான் இறைச்சி ரோல்ஸ். நாங்கள் நல்ல சந்தோஷமாக இருந்த வருடங்கள் அவை. மச்சானைப் போல ஒரு கூட்டாளி எனக்கு வேறு இருந்ததில்லை. அவன் என்னை அத்தான் என்று கூப்பிட்டாலே ஏதோ பகிடி வரப்போகிறது என்று அர்த்தம்.

எட்டாவது வருடம் அவன் புதன்கிழமையே வீட்டுக்கு வந்து, தன் மண்ணிறக் கம்பளிச் சட்டையைக் கராஜில் பழைய ஆணியில் மறந்து மாட்டிவிட்டுப் போனான். வியாழக்கிழமை மனைவி மூன்று கிலோ தூள் வறுத்தாள். வெள்ளிக்கிழமை வண்டியில் ஏறியதும் எனக்குத் தும்மல் தொடங்கியது. கழுவிய சட்டைகளுக்குப் பழகிவிட்ட என் மூக்குக்கு வறுத்த தூள் மணம் இப்போது ஆகாது. வழி நெடுக யன்னலைத் திறந்துவைத்து அவனைத் திட்டினேன். "உன்னால இந்த முறை ஒரு மானும் கிட்ட வராது, பார்!" அவன் சட்டையை என் முகத்துக்கு முன்னால் ஆட்டிச் சிரித்தான்.

சனிக்கிழமை காலை தூறல். அவன் ஓடைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் என்று பேச்சு. மனைவியும் மகளும் குடிலில். எனக்கு முன்னால் பள்ளத்தில் ஒரு கொம்பன் உறுமியது. நான் பதுங்கிப் பதுங்கிப் போனேன். அரை மணித்தியாலம் கழித்து, இருபத்தைந்து அடிக்கு அப்பால் பன்னச் செடிகள் அசைந்தன. மண்ணிறம் தெரிந்தது. ஈர ரோமம் தெரிந்தது. தோள் வளைவுகூடத் தெரிந்தது. அது மான்தான் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். துவக்கைத் தூக்கினேன். பாதுகாப்புப் பூட்டை விலக்கினேன். விரலை வைத்தேன்.

காற்று என் பக்கம் திரும்பியது. மூக்குக்குள் ஒரு நமைச்சல். அடக்க முடியாமல் பெரிதாகத் தும்மினேன்.

"அத்தான், நீங்களோ? கொம்பனைக் கலைச்சுப்போட்டியளே!"

பன்னத்துக்குள்ளிருந்து மச்சான் எழுந்து நின்றான். அதே உறுமலைத் தேடி ஓடையைக் கடந்து வந்திருக்கிறான். மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்காகப் போடுகிற செம்மஞ்சள் மேலாடையை, வேர்க்கிறது என்று கழற்றிப் பைக்குள் சுருட்டி வைத்திருந்தான். நான் துவக்கில் இருந்த ரவையைக் கழற்றிச் சட்டைப் பையில் போடப் பார்த்தேன். மூன்று தரம் கீழே விழுந்து நாலாம் தரம்தான் அது பைக்குள் போனது. ஏன் குடிலுக்குத் திரும்புகிறேன் என்று அவன் கேட்டதற்கு, முழங்கால் பிடித்துக்கொண்டது என்றேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக பிரிட்ஜில் இருந்த தாளைக் கிழித்தேன். மகள் கேட்டதற்கு, பழசாகிவிட்டது என்றேன். அந்த வருடம் முழுக்க என்னை எனக்கே பிடிக்கவில்லை. மச்சான் வந்து எங்கள் மேசையில் இருந்து பிசைந்து சாப்பிடுவான், நான் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர் எடுக்கப் போவேன். சொன்னால் மனைவி என்னை எப்படிப் பார்ப்பாள் என்று பயம். அவளுக்கு இந்த நாட்டில் இருக்கிற ஒரே கூடப்பிறந்தவன் அவன். சொல்லாமல் இருந்தாலோ அவன் சிரிக்கிற ஒவ்வொரு முறையும் களவெடுத்த ஆள் மாதிரி இருந்தது.

அடுத்த மார்ச் வந்தது. வேட்டைக்கு வராமல் இருக்க, முழங்கால், வேலை, பல்வலி என்று என்னிடம் இருந்த சாட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம் கராஜிலிருந்து கடும் மணம் வந்தது. தும்மிக்கொண்டே போய்ப் பார்த்தேன். மனைவி தாச்சியில் மிளகாய் வறுத்துக்கொண்டு நின்றாள். மச்சான் கதிரையில் ஏறி நின்று, அந்த மண்ணிறக் கம்பளிச் சட்டையை அடுப்புக்கு நேர் மேலே பழைய ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"உனக்கென்ன விசரா? மணம் ஏறுமெல்லோ!" என்றேன்.

"ஏறட்டும். நல்லா ஏறட்டும் எண்டுதான் அக்காவை இண்டைக்கு வறுக்கச் சொன்னனான்." அவன் கதிரையை விட்டு இறங்கினான். "அத்தான், அண்டைக்கு நீங்கள் தும்மேக்கை நான் திரும்பிப் பாத்தனான். குழல் என்ர பக்கம்தான் இருந்தது."

அங்கே கிடந்த அரிசி மூட்டையில் குந்திவிட்டேன்.

"பிறகேன் நீ ஒண்டும் கதைக்கேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நானும் பிழைதானே, அந்த மேலாடையைக் கழட்டினது. நீங்கள் வராட்டி நானும் போகமாட்டன். வாறதெண்டால் இந்தச் சட்டையோடதான் வருவன்."

மனைவி அடுப்பை நிறுத்தினாள். "ஆர் முதல்ல எனக்குச் சொல்லப் போறியள்?"

நான்தான் சொன்னேன். ஒன்றும் மறைக்காமல், விரல் எங்கே இருந்தது என்பது வரை. சொல்லும்போது அழுதேன், மிளகாய்ப் புகையில் சாட்டவில்லை. அவள் அகப்பையால் தம்பியின் தலையில் ஒன்று போட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வருசம் எடுத்ததோ?"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் கிடக்கிறது. பிறகு தீர்ப்பு வந்தது. "இனித் துவக்கு என்ர கையில. நீங்கள் சமைக்கிறது, சுமக்கிறது." அன்று பின்னேரமே புதுத் தாள் ஒன்றில் அந்த விதியை என் கையால் எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன்.

அதற்குப் பிறகு நாலு ஏப்ரல் போய்விட்டது. மகள் இப்போது வண்டி ஓட்டுகிறாள். வெள்ளிக்கிழமை இடியப்பம் அப்படியே இருக்கிறது. நாலு வருடத்தில் கிடைத்தது இரண்டு மான். பக்கத்து வீட்டுக்காரிகூட, "என்னங்க, இப்பல்லாம் மான் வர்றதே இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் கம்பளிச் சட்டையைக் கழுவலாம் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மச்சான் செம்மஞ்சள் மேலாடையைப் போட்டுக்கொண்டு, உள்ளே கறித்தூள் மணக்கிற சட்டையோடு பள்ளத்துக்குள் இறங்குவான். நான் மனைவிக்குப் பின்னால் பை சுமந்துகொண்டு நிற்பேன். உறுமல் கிட்ட வரும். காற்றுத் திரும்பும். நான் தும்முவேன், மான் ஓடிவிடும், மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். கீழேயிருந்து, "அத்தான், திரும்பவுமோ!" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் வரும் வரைக்கும் நான் நின்ற இடத்தை விட்டு அசைவதில்லை.