பத்தொன்பது செங்கற்கள்

நான் பொய் எழுதினேன். அரசுக்குப் போன அறிக்கையில், என் கையெழுத்துக்கு மேலே, தெரிந்தே எழுதினேன்.

எங்கள் ஊர்க் கீழ்க்குமிழியை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆற்றின் அடியில் நுழைந்து அக்கரை வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பழைய செங்கல் சுரங்கம். சுண்ணாம்புச் சாந்தில் நிற்கும் வளைவு. அதன் முதுகின் மேல் ஓர் ஆறே ஓடுகிறது! அதை இடித்துக் கான்கிரீட் குழாய் பதிக்க இருந்தார்கள். அளந்து, வரைந்து, அலைந்து, பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கச் செய்தவள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். பெருமைதான்... ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் அதன் வாய் வளைவில், இடப்பக்கம், பத்தொன்பது கற்கள் இல்லை. வெள்ளம் அடித்துச் சென்றதாக எழுதினேன்.

அவை எங்கள் வீட்டில் இருக்கின்றன.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ஐப்பசி மழை வீட்டுக்குள் புகுந்து என் புத்தகங்களை ஊறவைத்தது. கோடையில் வாய்க்கால் வற்றியதும் அப்பா உளியோடு கிளம்பினார். அவர் பெயர்த்தார், நான் தலையில் சுமந்தேன். வீட்டு மூலையில் ஒரு சின்ன மேடை எழுந்தது.

"இனிமே ஆறே வந்தாலும் ஒம் பொஸ்தகம் நனையாதும்மா."

அந்த மேடையில் உட்கார்ந்துதான் கட்டடக்கலைக் கல்லூரி வரை படித்தேன்!

சென்ற கோடையில் பழுதுபார்க்க வந்த கொத்தனார் கேட்டார்: "மேடம், இதே அளவுல பழைய கல்லு எங்கயாவது கெடைக்குமா? பத்தொம்பது போதுங்க."

"எல்லாம் வெள்ளத்துல போயிடுச்சுங்க மேஸ்திரி."

அவர் வளைவைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "உங்க ஊரு வெள்ளம் உளியெல்லாம் கொண்டாருமா?"

நானும் சிரித்தேன்... சிரித்தேனே! பக்கத்தில் நின்ற அப்பா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்தார். "பேத்துக் குடுத்துருவோம்மா. கேட்டா நாந்தான்னு சொல்லிக்கிறேன்."

நான்தான் தடுத்தேன். அவருக்காகவா? அறிக்கையில் இருந்த என் கையெழுத்துக்காகவா? உங்களிடமும் பொய் சொல்ல வேண்டுமா... கையெழுத்துக்காகத்தான்.

புதுக் கற்களை வைத்துப் பூசினார்கள். ஒரு கல்லைப் பெயர்ப்பதும் குற்றம் என்கிறது முகப்புப் பலகை. அந்த வாசகத்தை எழுதியவளும் நானே!

தண்ணீர் வந்தது. வளைவு அசையவில்லை. நீங்கள் வந்தால் தலை நிமிர்ந்து சுற்றிக்காட்டுவேன். இடப்பக்கம் மட்டும் சற்று மறைத்து நிற்பேன்.

அப்பா அந்தப் பக்கமே வருவதில்லை. மேடையின் மேல் இப்போது என் வரைபடங்கள் இருக்கின்றன... நனையாமல்.