வேப்பமரத்தடியில் ஓர் எஸ்டேட்

எஸ்டேட் கார் என்றால் எஸ்டேட் வைத்திருப்பவருடைய கார் என்று உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. அது முற்றிலும் தவறு என்பதை இதன் மூலம் சகலருக்கும் அறிவித்துக்கொள்கிறேன். டிக்கி இருக்கவேண்டிய இடம் வரைக்கும் கூரை நீண்டு, கடைசியில் ஒரு கதவோடு முடியும் காருக்கு எஸ்டேட் என்று பெயர். அவ்வளவுதான். சீமையில் பண்ணை வைத்திருந்த துரைமார்கள் நாய், துப்பாக்கி, விருந்தாளி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு போவதற்காக அப்படி ஒரு வண்டியை உண்டாக்கினார்களாம். ஆகவே மேற்படி நம்பிக்கை அங்கே சரி, இங்கே தவறு.

நான் பத்திரம் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் ஒரு சொல் பிசகினால் யாரோ ஒருவருக்கு ஒரு காணி நிலம் பிசகும். எனக்கோ இந்த ஒரு சொல்லால் பத்திரம் எழுதும் உரிமமே போகப் பார்த்தது. உரிமம் போனால் வேறு பிழைப்பு கிடையாது. நான் ஏர் பிடித்தால் மாடு சிரிக்கும். பழைய கார் வாங்கிச் சீரழிந்த, சீரழிகிற, சீரழியவிருக்கிற அன்பர்கள் என் கதையைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

கிரயம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜகுளத்தில் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவரிடம் அதை வாங்கினேன். இத்தாலியில் பிறந்த மாடல், பம்பாயில் பூட்டியது, எனக்கு முன் நான்கு பேர் ஆண்டு அனுபவித்தது. ஒரு ஜோடி உழவு மாட்டின் விலைதான். சுற்றுவட்டாரக் கட்சிக்காரர்களையும் சாட்சிகளையும் பஸ்ஸுக்குக் காத்திருக்க விடாமல் நானே பதிவு ஆபீசுக்கு அழைத்துவந்துவிட்டால் தொழில் பெருகும் என்று கணக்குப் போட்டேன். வில்லங்கம் பார்க்காமல் எதையும் வாங்காதே என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவன், இதற்கு மட்டும் வில்லங்கம் பார்க்கவில்லை.

நிறம் வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம் சொன்னது, அதை நம்ப மனசு வேண்டும். ஹாரனை அழுத்தினால் வைப்பர் லேசாக அசைந்தது. பின்கதவைத் திறந்தேன், திறந்தது. மூடினேன், அப்போதும் திறந்தே இருந்தது. கம்பவுண்டர் யோக்கியர், எதையும் மறைக்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “ஓடுச்சுன்னா நிக்காது சார். நின்னுச்சுன்னா ஓடாது. மத்தபடி ஒரு கொறையும் கெடையாது.”

ஜுரம்

வாங்கிய ஏழாம் நாள், நல்ல வெயிலில், பஸ் நிலையத்துக்கு எதிரில் நின்றுவிட்டது. மெக்கானிக் கன்னியப்பன் வந்தார். இந்த ஊரில் லாரி, டிராக்டர், நெல் மெஷின் எல்லாவற்றுக்கும் அவர்தான். பானெட்டைத் தூக்கி, பெட்ரோல் பம்ப்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். என் தோளிலிருந்த துண்டை, என்னைக் கேட்காமலே, டீக்கடை வாளியில் முக்கிப் பிழிந்து அதன்மேல் சுற்றினார். கால்மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. துண்டு திரும்பக் கிடைக்கவில்லை. இதற்கு நிரந்தர வைத்தியம் கிடையாதா என்று கேட்டேன். “ஜொரம் வந்தா உங்க வூட்டுப் புள்ளைக்கு இன்னா பண்ணுவீங்க ரைட்டரே? ஈரத்துணி போடுவீங்களா, புள்ளைய மாத்துவீங்களா?”

சமபாகம்

திருப்புலிவனத்தில் அண்ணன் தம்பி இருவர். ஒரு கிணற்றுக்காகப் பல வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. கடைசியில் பாகப்பிரிவினைக்கு இறங்கிவந்தார்கள். பத்திரம் எழுதி முடித்து, பதிவு நாளன்று இருவரையும் காரில் ஏற்றினேன். பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். நடுவில் மூலப் பத்திரங்கள் இருந்த மஞ்சள் பை, மூன்றாவது சகோதரனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

ஏரிக்கரை மேட்டில் வண்டி நின்றது. இறங்கித் தள்ளவேண்டும் என்று பணிவோடு தெரிவித்தேன். அண்ணன் இடது பக்கம் பிடித்தார், தம்பி வலது பக்கம் பிடித்தார். பின்கதவின் கைப்பிடி இருவருக்கும் பொதுவில் விடப்பட்டது. நான் முன்னால் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். நூறு கஜம் போனதும் அண்ணன் வேர்வையைத் துடைத்தபடி, தம்பியிடம் பேசாமல், என்னிடம் புகார் செய்தார்: “ரைட்டரே, அவன் தள்ளல. சும்மா கைய வெச்சிகினு கூடவே நடந்து வரான். கெணத்துலயும் இப்படித்தான்யா பண்ணான்.”

உயில்

ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார். உயில் எழுத ஆள் அனுப்பியிருந்தார்கள். நான் காரில் போய் இறங்கினேன். வாசலில் நின்றிருந்த பெண்கள் வண்டியைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்தார். காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இறந்துபோனவர்களைக் கொண்டுவந்து இறக்குகிற வண்டியும் வெள்ளை, நீளம், பின்பக்கம் கதவு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போனேன். பெரியவருடைய கட்டிலிலிருந்து ஜன்னல் வழியே தெரு நன்றாகத் தெரிந்தது. அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தார். சுவாசம் சிரமப்பட்டாலும் குரல் கணீரென்று வந்தது: “நீ எயுதறதுக்கு வந்தியா, ஏத்திகினு போறதுக்கு வந்தியா? அதச் சொல்லு மொதல்ல.”

பேர்

கன்னியப்பன் எதையும் மெதுவாகச் சொல்ல மாட்டார். “எஸ்டேட்டு வந்திருக்குது, ஜாக்கி எடு!” என்று அவர் போடுகிற சத்தம் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். மூன்றே மாதத்தில் நான் ‘எஸ்டேட் ரைட்டர்’ ஆனேன். முதலில் ஒவ்வொருவரையும் நிறுத்தி, சீமைத் துரை, நாய், துப்பாக்கி என்று விளக்கினேன். பாதி விளக்கத்தில் அவர்களுக்குப் பஸ் வந்துவிடும். பிறகு ஒரு நாள், நூறு காணிக்காரர் ஒருவர் நான் வருவதைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்தார். அன்றோடு விளக்குவதை நிறுத்திக்கொண்டேன். எஸ்டேட் ஏற்காட்டிலா, நீலகிரியிலா என்று அவர் கேட்டபோது, “மேடு ஏறுவதைப் பற்றி இப்போது எதற்கு?” என்றேன். என் வண்டியைப் பொறுத்தவரை அது உண்மையான பதில்.

இரண்டு மாதம் இந்தப் பெருமையில் ஓடியது. ஒரு காலை, கூலி வேலை செய்கிற அஞ்சலை வீட்டுமனைக்கு மனு எழுதிக்கொள்ள வந்தாள். எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். கைநாட்டு வைத்து, விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு, போகாமல் நின்றாள். என்ன என்றேன். “இங்க நடவு முடிஞ்சிபோச்சிங்க. உங்க எஸ்டேட்டுல தேயில கிள்ற வேல இருந்தா சொல்லுங்க ரைட்டரே, நானும் எங்கூட்டுக்காரும் நாளைக்கே வண்டி ஏறிடறோம்.”

மொட்டை

அஞ்சலையை வண்டிக்குப் பக்கத்தில் அழைத்துப்போய் உண்மையைச் சொன்னேன். அதன் பிறகு எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினேன், யாரும் நம்பவில்லை. உள்ளதை மறைக்கிறான் என்றார்கள். அந்த வருஷம் உரிமத்தைப் புதுப்பிக்க மனுப் போட்டபோது, ‘நிலுவை’ என்று ஒரே ஒரு சொல்லில் பதில் வந்தது. என்மேல் மொட்டைப் பெட்டிஷன் போயிருக்கிறதாம். அரசு விதித்த எழுத்துக் கூலிக்கு மேல் கறந்து எஸ்டேட் வாங்கிவிட்டேனாம். விசாரணை முடியும்வரை எழுதக் கூடாது.

பதிவு ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில், என் மேஜை போட்டபடி இருந்தது. பேனா மூடியபடி இருந்தது. என் கட்சிக்காரர்கள் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த மேஜை ஏகாம்பரத்திடம் போய் உட்கார்ந்தார்கள். பிழை திருத்தியே பழகியவன் சும்மா உட்கார்ந்தால் எதைத் திருத்துவது? டீக்கடைப் பலகையில் ‘பொரை’யைப் ‘பொறை’ என்று திருத்தினேன். வீட்டில் என் மனைவி ஜெயா இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள், அரிசி டின்னைப் பார்த்தாள், வாசலில் நின்றிருந்த வண்டியைப் பார்த்தாள். “லைசென்ஸு போச்சின்னா வாடகை வூட்ட காலி பண்ணிட்டு இதுலயே குடித்தனம் பண்ணலாம். கதவுதான் சாத்தாது, காத்தோட்டமா இருக்கும்.”

நான்கெல்லை

ஐந்தாவது வாரம் விசாரணை அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், குடை வைத்திருந்தார், சிரிக்கும் பழக்கம் இல்லை. என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து பெட்டிஷனை என்னிடமே நீட்டி, உரக்கப் படிக்கச் சொன்னார். கையெழுத்து இல்லாத காகிதம் விசாரணைக்கு உரியதா என்று விதியை நினைவூட்டப் பார்த்தேன். “மொட்டையோ கொண்டையோ, வந்தா விசாரிக்கணும். படிங்க” என்றார்.

படித்தேன். “மேற்படியார் தமது சொற்ப எழுத்துக் கூலியினின்றும் நியாயமாய் வாங்க இயலாத எஸ்டேட் ஒன்றைச் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் நாளது தேதிவரை ஆண்டு அனுபவித்து வருகிறார்.” நல்ல நடை. பழகிய நடை. முடிவில், “இந்தப்படிக்கு, ஊர் நலம் நாடுவோர்.” பெயர் இல்லை. காகிதத்தை மடிக்கப் போனேன். “அதுக்குக் கீழேயும் ஒரு வரி இருக்கு பாருங்க” என்றார் அதிகாரி. இருந்தது. ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டே எழுதுகிற வரி: “எழுதியது: ஏகாம்பரம், பத்திர எழுத்தர், உத்திரமேரூர்.” உரிம எண்ணும் இருந்தது.

அடுத்த மேஜையில் பேனா ஓடுகிற சத்தம் நின்றது. ஏகாம்பரம் எழுந்து வந்தார். மூஞ்சியில் வருத்தம் இருந்தது, ஆனால் அது பெட்டிஷனைப் பற்றியது இல்லை, கடைசி வரியைப் பற்றியது. “கைப் பழக்கம் சார்” என்றார் அதிகாரியிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒருத்தர் வந்து கேட்டாரு, எயுதிக் குடுத்தேன். யாருன்னு கேக்காத, தொழில் தர்மம். உன்கிட்ட வந்து கேட்டிருந்தா நீ எயுதிக் குடுத்திருக்க மாட்டியா?” யோசித்துப் பார்த்தேன். எழுதிக் கொடுத்திருப்பேன்தான். ஆனால் சொத்துக்கு நான்கெல்லை குறிப்பிடாமல் விட்டிருக்க மாட்டேன் என்றேன். ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்று தைத்தது. “பார்ட்டிக்கே தெரியலய்யா, நான் இன்னா பண்றது?”

அதிகாரி இருவரையும் கையமர்த்தினார். “நீங்க சொல்லுங்க. எஸ்டேட் எங்க இருக்கு?”

“இங்கேதான் சார்.”

“இங்கேன்னா?”

“நான்கெல்லை சொல்லிவிடுகிறேன் சார். பதிவு ஆபீஸ் சுவருக்குத் தெற்கு, டீக்கடை பெஞ்சுக்கு வடக்கு, ஏகாம்பரம் மேஜைக்கு மேற்கு, வேப்பமரத்துக்குக் கிழக்கு. இதன் மத்தியில் பதிமூன்றடிக்கு ஐந்தடி.”

அவர் குடையை ஊன்றி எழுந்து, எல்லை தவறாமல் நடந்துபோய்ப் பார்த்தார். ஆர்.சி. புத்தகத்தை நீட்டினேன். வண்டியின் வகை என்ற இடத்தில் ‘எஸ்டேட்’ என்று அச்சடித்தாற்போல இருந்தது. அதை மூன்று முறை படித்தார். சீமைத் துரைமார் பற்றி ஆரம்பித்தேன். நாய் வரைக்கும் கேட்டார், துப்பாக்கிக்கு விடவில்லை. பின்கதவைத் தொட்டார், கைப்பிடி அவரோடு வந்துவிட்டது. அதை மரியாதையாக என்னிடம் ஒப்படைத்தார்.

“மோட்டார் வண்டி வெச்சிருந்தா அதையும் குறிப்பில காட்டணும். இது ஓடுமா?”

உரிமம் என் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் பொய் எழுதலாம், பொய் சொல்ல எனக்கு வராது. ஓட்டிக் காட்டுகிறேன் சார், பஸ் நிலையத்தில் இறக்கிவிடுகிறேன் என்றேன். அவர் முன் சீட்டில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாவியைத் திருகினேன். இருமியது. மறுபடி திருகினேன். வைப்பர் அசைந்தது. கன்னியப்பனுக்கு ஆள் போயிற்று. அவர் வந்து பம்ப்பைத் தொட்டுப் பார்த்து, இது ஜொரம் இல்ல, வேற என்னமோ என்றார். ஏகாம்பரமும் அவருடைய கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் மரத்தைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் தள்ளிப் பார்த்தார்கள். செங்கல்பட்டு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அதிகாரி இறங்கி, கதவை மூடாமல் (இதுவும் மூடாது என்று நினைத்திருப்பார்), குடையை விரித்து வேகமாக நடந்தார். நான் கூடவே ஓடினேன். பஸ் படியில் ஏறியவர் திரும்பி என்னைப் பார்த்தார். “எஸ்டேட் வெச்சிருக்கிறவன் முகம் எனக்குத் தெரியும்யா. நீங்க போய் வேலையப் பாருங்க.”

உரிமம் புதுப்பிக்கப்பட்டு அடுத்த வாரம் தபாலில் வந்தது, கூடவே விசாரணைக் குறிப்பின் நகலும். அதில் ‘எஸ்டேட்’ என்ற இடத்துக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில், ‘மோட்டார் வாகனம்’ என்ற இடத்துக்கு எதிரேயும் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது.