டீயோடு விழுங்கிய மாத்திரை

காய்ச்சல் விட்டு ஒரு வருஷம் ஆகியும் என் உடம்பு தேறவில்லை. தலை சீவக் கையைத் தூக்கினாலே மூச்சு வாங்கும். தூங்கி எழுந்தால் தூங்காதவளைவிட மோசமாக இருப்பேன். அசெம்ப்ளி லைனில் நிற்க முடியாமல் கம்பெனி வேலையும் போயிற்று. என் புருஷன் இதற்கு வைத்த பேர் நடிப்பு. அவனுக்கு ‘அவர்’ போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

ஓசூர் டாக்டரம்மா இதை நாள்பட்ட சோர்வு நோய் என்றார். அடியோடு தீர்க்கும் மருந்து கிடையாது, ஆனால் ரத்தத்தில் இரும்புச்சத்தும் பி12ம் மிகவும் குறைந்திருக்கின்றன, அவற்றை ஏற்றினால் கொஞ்சம் தெம்பு வரும் என்றார். ஊசி, இரும்பு மாத்திரை, முட்டை, கீரை, முடிகிற அளவுக்கு மட்டும் வேலை, மீறினால் படுத்த படுக்கைதான் என்றார். என் புருஷன் காதில் மாத்திரை மட்டும்தான் விழுந்தது.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் டீ போடுவான். வீட்டில் அவன் செய்த ஒரே வேலை அது. முடியைப் பிடித்து என்னை உட்காரவைத்து, மாத்திரையை வாயில் திணித்து, டீயை ஊற்றுவான். தாடையை அமுக்கி விழுங்கினேனா என்று பார்ப்பான். “மருந்து தின்னுட்டல்ல, எந்திரிச்சு சோறாக்கு” என்பான். எழாவிட்டால் உதை. ஒருமுறை பெல்ட் பக்கிள் பட்டுக் காது கிழிந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா கதவைத் தட்டினால், மருந்து கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுவான். என்னை ஒருத்தராவது நம்ப வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மறுபடி ரத்தம் பார்த்தபோது பி12 ஏறியிருந்தது. இரும்பு அப்படியே கிடந்தது. மாத்திரையை எதோடு விழுங்குகிறாய் என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது, வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீரோடு போடு என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று உதைத்தவனே மருந்தைக் கெடுத்திருக்கிறான்.

மறுநாள் அவன் டம்ளரோடு வந்தபோது இதைச் சொல்லி, டீ வேண்டாம் என்றேன். “எனக்கே பாடம் எடுக்கறயாடி?” என்று கொதிக்கும் டீயை என் கழுத்திலும் மாரிலும் ஊற்றினான். களி கிண்டும் துடுப்பு கைக்கு எட்டியது. ஓங்கி அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அலறிக்கொண்டு விழுந்தான். அவன் பக்கத்திலேயே நானும் விழுந்தேன். விரலைக்கூட அசைக்க முடியவில்லை.

சூளகிரியிலிருந்து அண்ணன் வந்தான். கட்டுப் போட்ட கையைக் காட்டி என் புருஷன், “பாருங்க மச்சான், அடிக்கறதுக்கு மட்டும் தெம்பு எங்கிருந்து வந்துச்சு?” என்றான். கொப்புளம் கிளம்பிக் கிடந்த என் கழுத்தைப் பார்த்துக்கொண்டே அண்ணனும் அதையேதான் கேட்டான். இருந்தும் ஆட்டோவில் தூக்கிப்போட்டுத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

அந்த ஒரு அடிக்காக மாதக்கணக்கில் எழாமல் கிடந்தேன். இன்னொரு அடிக்குத் தெம்பு இருந்திருந்தால் அதையும் அடித்திருப்பேன்.