ஃபெயிலாகப் போன கணக்கு டீச்சர்

கணக்கு டீச்சர் முப்பத்தொரு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். கடைசி ஒன்பது வருஷம் தலைமையாசிரியையாகவும் இருந்தார். ஆனால் ஊரில் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. எப்போதும் கணக்கு டீச்சர்தான். அவரிடம் படித்தவர்கள் பேங்கில் இருந்தார்கள், மருந்துக்கடையில் இருந்தார்கள், ஒருவர் போலீஸ் இன்ஸ்பெக்டராகவே ஆகியிருந்தார். அத்தனை பேரும் டீச்சரைக் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். காய்கறிக்கடைக்காரர் எடை போட்டு முடித்ததும், விடைத்தாளை நீட்டுகிற மாதிரி தராசைக் காட்டி, "சரியா டீச்சர்?" என்பார். பஸ்ஸில் டீச்சர் உட்கார்ந்தால் பக்கத்து சீட் கடைசி ஸ்டாப் வரை காலியாகவே போகும்.

ஓய்வுபெற்று ஆறு வருஷம் கழித்தும் இந்த மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. கணவர் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. வெளியில் ஆளிருந்தும் பேச்சில்லை. அறுபத்துநாலாவது வயதில், வெளிநாட்டில் இருந்த ஒரே மகனைப் பார்த்துவிட்டு வரலாமென்று மூன்று மாத விசாவில் கிளம்பினார்.

மகன் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் இருந்தான். நாலாவது மாடியில் ஒரு படுக்கையறை வீடு. அறையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, தான் ஹாலில் மெத்தை போட்டுக்கொண்டான். அவன் வேலைக்குப் போனதும் டீச்சர் ஊர் சுற்றக் கிளம்பினார். வந்த நாலாம் நாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, பருமனான ஒரு மனிதர் பெரிய அட்டைப்பெட்டியோடு ஏறி, டீச்சரின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். பெட்டியின் பாதி டீச்சரின் மடியில் இருந்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருபது நிமிஷம் எதையோ குறை சொல்லிக்கொண்டே வந்தார். டீச்சருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.

சாயங்காலம் மகனிடம் சொன்னார்: "இன்னிக்கு ஒருத்தர் என் பக்கத்துல வந்து உட்கார்ந்தாருடா."

"பஸ்னா உட்காரத்தானேம்மா செய்வாங்க."

"உனக்குப் புரியாது," என்றார் டீச்சர். அன்று ராத்திரி ஒரு தோசைக்குப் பதில் இரண்டாகச் சாப்பிட்டார்.

பத்தாவது வாரம், திரும்பிப் போகும் டிக்கெட்டை மகன் அச்செடுத்து வந்தபோது, டீச்சர் அதை நாலாக மடித்து அவனிடமே கொடுத்தார். "நான் இங்கேயே இருக்கேன்."

"இருக்கறேன்னா இருந்துட முடியாதும்மா. விசா வேணும்."

"வேணும்னா வாங்கு."

அதை வாங்கத்தான் இருவரும் ஸ்டாம்ப் அக்காவிடம் போனார்கள். அந்த ஊரில் தமிழ் பேசுகிற அத்தனை பேருக்கும் விசாப் படிவம் நிரப்பித் தருகிறவர் அவர். துணி வெளுக்கும் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கீழே இயந்திரங்கள் சுற்றும்போதெல்லாம் மேலே மேஜை நடுங்கும். வந்தவர்கள் பயத்தில் நடுங்குகிறார்களா, மேஜையால் நடுங்குகிறார்களா என்று அவருக்கே பல சமயம் தெரியாது.

"ரொம்ப நாள் தங்கணும்னா மொத்தம் ஏழு வழி இருக்கு டீச்சர்," என்று ஒரு தாளை எடுத்தார். "வேலை விசா இருக்கு. இந்த வயசுல யாரு வேலை கொடுப்பாங்க, அதை விடுங்க. தொழில் விசாவுக்கு நாலு பேரை நீங்க வேலைக்கு வெச்சிருக்கணும்."

"நாலு பேரை மேய்ப்பேன். தொழில்தான் தெரியாது."

"ஓய்வு விசான்னு ஒண்ணு. பேங்குல இவ்வளவு போட்டு வைக்கணும்." தாளைத் திருப்பிக் காட்டினார். மகன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"பெத்தவங்க விசா?" என்று கேட்டார் டீச்சர்.

"அதுக்கு மகன் நிரந்தரக் குடியுரிமை அட்டை வாங்கியிருக்கணும். தம்பிக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே. மருத்துவ விசா பார்ப்போம். உங்களுக்கு என்ன வியாதி?"

"ஒண்ணும் இல்ல."

"சர்க்கரை, மூட்டு?"

"இல்ல."

"ஒண்ணுமேயா?" ஸ்டாம்ப் அக்கா மனவருத்தத்தோடு தாளில் அதையும் கோடு போட்டு அடித்தார். பிறகு மகனை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "இந்த நாட்டுக்காரர் யாரையாவது கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் கிடைக்கும்."

"அதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"அம்மா," என்றான் மகன்.

"கேட்டு வெச்சுக்கறதுல என்னடா குறைஞ்சு போச்சு?"

மிச்சமிருந்தது மாணவர் விசா. அதற்கு வயது வரம்பு இல்லை என்பதை ஸ்டாம்ப் அக்கா இரண்டு தடவை படித்துப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். மொழிப்பள்ளியில் ஆறு நிலை. ஒவ்வொன்றும் நாலு மாதம். ஆக மொத்தம் இருபத்துநாலு மாதம். "படிப்பு முடியறதுக்கும் தம்பிக்கு அட்டை வர்றதுக்கும் சரியா இருக்கும். அதுக்கப்புறம் பெத்தவங்க விசா." கணக்கு நேராக வந்ததால் டீச்சருக்கு அது உடனே பிடித்துப்போனது.

யாரும் எதிர்பாராத ஒன்று, டீச்சர் நன்றாகப் படித்ததுதான்.

சேரும்போது வைத்த சோதனையிலேயே முதல் நிலை வேண்டாமென்று இரண்டாவதில் போட்டார்கள். கூடப் படித்தவர்களில் பெரும்பாலானோர் முப்பதைத் தாண்டாதவர்கள். பக்கத்தில் உட்கார்ந்தது வேறொரு நாட்டிலிருந்து வந்த ஓட்டல் சமையல்காரர். அவர் டீச்சரின் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்தார். ஒளிந்து பார்க்கவில்லை, நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, தெரியாத வார்த்தைக்கு அர்த்தமும் கேட்டார். முப்பத்தொரு வருஷத்தில் டீச்சர் எட்டடி தூரத்திலிருந்து பிடித்த குற்றம் இது. இங்கே பேசாமல் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுத ஆரம்பித்தார்.

நாலு மாதம் முடிந்து தேர்வு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பள்ளியில் கைதட்டினார்கள். மூன்றாவது நிலை இவருக்குத் தேவையில்லை, நேராக நாலாவதுக்குப் போகலாம் என்று கடிதம் கொடுத்தார்கள். டீச்சர் நோட்டின் புண்ணியத்தில் சமையல்காரருக்கும் அதே கடிதம் கிடைத்தது. டீச்சர் அதை மகனிடம் நீட்டிய தோரணையில் ஒரு பதக்கம்தான் குறை.

மகன் படித்தான். இன்னொரு தடவை படித்தான். "அம்மா, ஒண்ணாவதும் போச்சு, மூணாவதும் போச்சு. எட்டு மாசம் போச்சும்மா."

"என்ன எட்டு மாசம்?"

"நீங்க சீக்கிரம் படிச்சு முடிச்சா விசாவும் சீக்கிரம் முடிஞ்சிடும். எனக்கு அட்டை வர்றதுக்கு எட்டு மாசம் முந்தியே உங்களை பிளேன் ஏத்திடுவாங்க."

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, நல்ல மார்க் வாங்கியதற்கு முழித்தார்.

ஸ்டாம்ப் அக்காவிடம் போன் போட்டுக் கேட்டார்கள். "ஒரு நிலையில ஃபெயிலானா அதையே ஒரு தடவை திரும்பப் படிக்கலாம், நாலு மாசம் கூடும்," என்றார் அவர். "ரெண்டு தடவை ஃபெயிலானா போதும் டீச்சர். நாலுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணு. கஷ்டமில்ல, எல்லாருக்கும் வர்றதுதான்."

டீச்சருக்குத்தான் வராது. நாலாம் நிலைத் தேர்வுக்கு முந்தின நாள் முழுக்க மனசு கேட்கவில்லை. வெற்றுத்தாளைக் கொடுப்பது அநாகரிகம். கன்னாபின்னாவென்று எழுதுவது அதைவிட அசிங்கம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பாஸ் மார்க் ஐம்பது, நாற்பத்தொன்பது வாங்கலாம். ஃபெயில்தான், ஆனால் மானமுள்ள ஃபெயில்.

தேர்வறையில் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை மார்க் என்று ஓரத்தில் கூட்டிப் பார்த்தார். நாற்பத்தொன்பதுக்கு மட்டும் பதில் எழுதினார். பிழையே இல்லாமல் எழுதினார். மீதியைத் தொடவில்லை. எதிர்ச்சொல் எழுதச் சொன்ன பத்துக் கேள்விகளும் அத்தனை சுலபம். பேனா தானாக அந்தப் பக்கம் போனது. டீச்சர் மூடியைப் போட்டுப் பேனாவைப் பைக்குள் வைத்துப் பையை மூடினார். பக்கத்தில் சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இடம் இடமாக வெள்ளையாக இருந்ததைக் கண்டு கலங்கிப்போனார்.

ஒரு வாரத்தில் முடிவு ஒட்டினார்கள். டீச்சரின் பேருக்கு எதிரே ஐம்பத்திரண்டு, பாஸ்.

டீச்சர் நேராக வகுப்பு ஆசிரியையிடம் போனார். முப்பது வயதுப் பெண், எப்போதும் சிரித்த முகம். இந்த நாட்டு மொழியில், மனதில் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தை டீச்சர் சொன்னார். "எனக்கு நாற்பத்தொன்பதுதான் வரும். மூன்று எங்கிருந்து வந்தது?"

ஆசிரியை கதவைச் சாத்தினார். "நான்தான் போட்டேன். உங்களுக்கு அன்னிக்கு உடம்பு முடியலன்னு நெனச்சேன். எழுதினது எல்லாம் சரியா இருந்தது, பாதியில விட்டுட்டீங்க. பாவமா இருந்தது. கையெழுத்துக்குன்னு மூணு போட்டேன்."

"எடுத்துடுங்க."

"என்னது?"

"அந்த மூணை எடுத்துடுங்க. நான் முப்பத்தொரு வருஷம் டீச்சரா இருந்தேன். ஒருத்தருக்கும் அரை மார்க் சும்மா போட்டதில்ல."

மார்க் கூட்டச் சொல்லி வருகிறவர்களைத்தான் அந்தப் பெண் பார்த்திருந்தார். விஷயம் என்னவென்று கேட்டார். டீச்சருக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை. மகனின் அட்டை, ஏழு வழி, எட்டு மாதம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வார்த்தை தெரியாத இடத்தில் பலகையில் கோடு போட்டு விளக்கினார். ஆசிரியை முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தார்; முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நிமிர்ந்ததும் ஒன்று கேட்டார்.

"குடிவரவு ஆபீஸ்ல கேட்டீங்களா?"

"என் மகன் இணையத்துல பார்த்தான். படிவம் எழுதறவங்களும் சொன்னாங்க."

"அவங்க சொன்னது சரி. நீங்க போய்க் கேட்டீங்களான்னு கேக்கறேன். இப்பதான் உங்களுக்குப் பேச வருதே."

மறுநாள் காலை டீச்சர் மகனுக்குச் சொல்லாமல் பஸ் ஏறினார். குடிவரவு ஆபீஸில் டோக்கன் நூற்றுப்பன்னிரண்டு. மூன்று மணி நேரம் காத்திருந்தார். கவுன்டரில் இருந்தவர் காதில் பென்சில் செருகிய நடுத்தர வயதுக்காரர். டீச்சர் தன் நிலைமையை ஒன்று, இரண்டு என்று சொன்னார். அவர் பெருமூச்சோடு தடித்த விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கவுன்டர் துவாரத்துக்கு இந்தப்புறமிருந்தே தலைகீழாகக் கூடவே படித்தார். தலைகீழாகப் படிப்பது வகுப்பில் பழகியதுதான்.

"பக்கத்தைத் திருப்பாதீங்க," என்றார் திடீரென்று. "அந்த ஆறாவது பத்தியைப் படிங்க."

ஆபீஸர் படித்தார். வாழ்க்கைத்துணை இல்லாத பெற்றோர், ஒரே பிள்ளை, அந்தப் பிள்ளை இங்கே ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். நிரந்தர அட்டை தேவையில்லை. போன வருஷம் சேர்த்த விதி. மகன் இங்கே வந்து ஆறரை வருஷம்.

"எல்லாம் பொருந்துது," என்றார் ஆபீஸர். "கடைசியில ஒரு நிபந்தனை. பெற்றோர் நாலாம் நிலை மொழித்தேர்வுல எழுபத்தஞ்சு வாங்கியிருக்கணும். உங்களுக்கு எவ்வளவு?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"ஐம்பத்திரண்டு போட்டிருக்காங்க. நியாயமா நாற்பத்தொன்பது."

காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸர் அவரைப் பார்த்தார். வேலைக்கு வந்த நாளிலிருந்து வாங்கிய மார்க்கைவிடக் குறைத்துச் சொன்ன விண்ணப்பதாரர் யாரையும் அவர் கண்டதில்லை. "ஆறு வாரத்துல மறுதேர்வு வருது," என்றார் மெதுவாக. "மார்க்கை ஏத்திக்க ஒரு தடவை எழுதலாம்."

சாயங்காலம் ஸ்டாம்ப் அக்காவிடம் போனார் டீச்சர். கோபமாகத்தான் போனார். அக்கா ஒளிக்கவில்லை. "அந்த விதியை நான் பார்த்தேன் டீச்சர். மொழித்தேர்வு எழுபத்தஞ்சுன்னு இருந்தது. அறுபத்துநாலு வயசுக்காரங்களுக்கு எங்க ஆகப்போகுதுன்னு தாண்டிப் போயிட்டேன். உங்ககிட்ட சொல்லவே இல்ல." கீழே இயந்திரம் சுற்றி மேஜை நடுங்கியது. இவனுக்கு எங்கே ஆகப்போகிறது என்று நாமும் எத்தனை பேரைத் தாண்டிப் போயிருப்போம் என்று டீச்சருக்குத் தோன்றியது. கோபம் வந்த வழியே போய்விட்டது. "ஒரு டீ சொல்லும்மா," என்றார்.

அந்த ஆறு வாரம் டீச்சர் படித்ததுபோல் இருபது வயதிலும் படித்ததில்லை. எழுத்தில் பயமில்லை; மறுதேர்வில் கூடுதலாக இருந்த, காதால் கேட்டுப் பதில் சொல்லும் பேச்சுத்தேர்வுதான் இடித்தது. இந்த ஊர்க்காரர்கள் வார்த்தையின் வாலை விழுங்கிவிட்டுப் பேசுவார்கள். சமையல்காரர் தன் ஓட்டல் அடுக்களைக்கு மத்தியான வேளையில் கூட்டிக்கொண்டு போய், வெங்காயம் நறுக்குகிற இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டார். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசினார்கள். "இதைப் பிடிச்சிட்டீங்கன்னா தேர்வு பச்சைத்தண்ணி மாதிரி," என்றார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு, மூன்றாவது வாரம் ஒருவரின் உச்சரிப்பைத் திருத்தினார். அவர் பிறந்து வளர்ந்ததே இந்த ஊரில்தான்.

மறுதேர்வில் எண்பத்தொன்று. மகன் அம்மாவைத் தூக்கிச் சுற்றப் பார்த்தான். "விடுடா, பத்தொன்பது எங்க போச்சுன்னு பார்க்கணும்," என்றார் டீச்சர்.

இரண்டு மாதத்தில் டீச்சருக்குத் தபாலில் விசா அட்டை வந்தது. ஐந்து வருஷம் செல்லும். மகன் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, டீச்சர் சாப்பாட்டு மேஜையில் ஒரு வாடகை ஒப்பந்தத்தை விரித்தார். அடுத்த தெருவில், இரண்டாவது மாடியில் ஓர் அறை.

"என்னம்மா இது? என்கூட இருக்கத்தானே இவ்வளவு பாடு?"

"விதியில ஒரே ஊர்னுதான் இருக்கு. ஒரே வீடுன்னு இல்ல. ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டேன்."

"ஊர்ல எல்லாரும் என்ன நெனப்பாங்க?"

"இந்த ஊர்ல யாருடா நம்மளை நெனக்கப் போறாங்க? உனக்கும் முதுகு வலிக்குது. போய் உன் கட்டில்ல படு."

மகன் முதுகைத் தடவிக்கொண்டே ஒப்பந்தத்தை வாசித்தான். ஞாயிற்றுக்கிழமை அவனும் சமையல்காரருமாகப் பெட்டிகளைச் சுமந்துபோய் வைத்தார்கள். புது அறையில் ஜன்னல் தெருப்பக்கம் இருந்தது. கீழ்வீட்டுக்காரி மாடியேறி வந்து, கேட்காமலே உள்ளே நுழைந்து, கட்டிலில் உட்கார்ந்து, படிக்கட்டு விளக்கு எரியாததைப் பற்றி அரைமணி நேரம் புலம்பினாள். டீச்சர் ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டார். பதிலுக்குத் தண்ணீர்க்குழாய் ஒழுகுவதைப் பற்றித் தானும் புலம்பினார்.