எட்டாக மடித்த சீட்டு

ஆம், அந்தச் சீட்டை எடுத்தவன் நான்தான். ஒன்றரை வருடம், மாதம் தவறாமல் எடுத்தேன்.

எந்தச் சீட்டு என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒன்று... நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. மன்னிக்க உரிமையுள்ளவர் போய்விட்டார். இன்னொருத்தி இருக்கிறாள். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாம் மாடியில் என் வீடு. கூடத்தின் ஒரு சுவரில் ஆணிகூட அடிக்காமல் வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். அதுதான் எங்கள் திரை. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது பேர் அங்கே கூடுவோம். அடையாற்றிலிருந்து ஒரு தம்பதி, தி.நகரிலிருந்து வசந்தா டீச்சர், இன்னும் சிலர். எல்லோருக்கும் ஒரே வியாதி. சினிமாப் பைத்தியம்!

முதல் அரைமணி நேரம், அந்த மாதம் யார் என்ன படம் பார்த்தோம் என்று பேச்சு. பிறகு ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் தனக்குப் பிடித்த ஒரு படத்தின் பெயரை எழுதி, மடித்து, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போடுவோம். டப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டு எடுப்போம். எந்தப் படம் வருகிறதோ அதை அன்றே சுவரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எழுதியவர் எழுந்து, அது ஏன் தனக்குப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். மீதிச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் புதிதாக எழுதுவோம். சிபாரிசு கிடையாது. சீட்டு விழுந்தால்தான் படம்.

இந்த விதியை வகுத்தவன் நான். டப்பாவுக்குக் காவலும் நான். வேலியே பயிரை மேய்ந்த கதைதான் இது.

மெஹருன்னிசா என்று ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பின்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். வசந்தா டீச்சர் ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில் இருவரும் சினிமா பேசிப் பேசிச் சிநேகமாகி, ஒருநாள் டீச்சர் அவரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர். தடித்த கண்ணாடி. தோளில் எப்போதும் ஏதாவது நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்களுக்கெல்லாம் மெஹரக்கா.

மத்தியானம் தொலைக்காட்சியில் பார்த்த படத்தின் கதையை அக்கா உட்கார்ந்து சொல்ல மாட்டார். எழுந்து நடித்தே காட்டுவார். மாமியார் வந்தால் மாமியார் குரல், வில்லன் வந்தால் வில்லன் குரல். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

நான் யார் என்கிறீர்கள்? தேனாம்பேட்டையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவன். திங்கள் முதல் சனி வரை என்னை அங்கே ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் நான் உலக சினிமாவைக் கரைத்துக் குடித்த மேதை! அந்த மூன்று மணி நேரப் பெருமைக்காகத்தான் மாதம் முழுவதும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை என் சீட்டு விழுந்தது. ஏதோ குளிர்தேசத்துப் படம். இருபது நிமிடத்துக்கு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அக்கா என் பக்கம் சாய்ந்து, "இன்னா தம்பி, அந்தம்மா இன்னும் கதவையே பார்த்துக்கினு கீது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் படம் முடிந்ததும் அவர் சொன்ன ஒன்று இருக்கிறதே... அந்தப் பெண் முதல் காட்சியிலேயே கோட்டுப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தாளாம். அவளுக்கு மனசு சரியில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டதாம். நான் அந்தப் படத்தை ஐந்து தடவை பார்த்தவன். அந்தப் பொத்தானை நான் பார்த்ததே இல்லை!

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா?

ஒரு மாதம், பத்திரிகைகளில் படங்களைப் பற்றி எழுதும் பிரமுகர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு விருந்தாளியாக வர ஒப்புக்கொண்டார். நான் தரையில் நிற்கவில்லை. அன்று எல்லோரிடமும் சீட்டுகளை வாங்கிக்கொண்டு, தேநீர் எடுத்து வருகிறேன் என்று டப்பாவோடு சமையலறைக்குப் போனேன். ஒரு சீட்டு மட்டும் கட்டையாகத் தெரிந்தது. தையல் கடை அளவுப் புத்தகத்தில் கிழித்த தடித்த தாள். எட்டாக மடித்திருந்தது. பிரித்துப் பார்த்தேன்.

பென்சிலில் ஒரு படத்தின் பெயர். அந்தப் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி அழுது, கடைசியில் கோயில் மணி தானாக அடித்து முடியும் படம்.

ஒருவேளை இது விழுந்தால்? அந்தப் பெரிய மனிதர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? இந்த ஒரு மாதம் மட்டும்தானே என்று சொல்லிக்கொண்டு, சீட்டைச் சட்டைப்பையில் போட்டேன்.

வந்தவர் ஒரு மணி நேரம் இருந்தார், இடையில் இரண்டு தடவை ஃபோன் பேசினார், போய்விட்டார். அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஆனால் என் கை அதன்பின் நிற்கவில்லை. முதல் மாதம் பயமாக இருந்தது, மறுமாதம் சுலபமாக இருந்தது, அதற்கப்புறம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. டப்பாவுக்குள் விரலை விட்டால் தடித்த தாள் தானே தட்டுப்படும். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஏலக்காய் தட்டி, தேநீரை வடிகட்டிக்கொண்டு வருவேன். பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. என்ன எழுதியிருக்கும் என்றுதான் எனக்குத் தெரியுமே! இந்தக் கூட்டத்தின் தரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன். எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்கள்... தரம்!

ஒன்பது சீட்டில் ஒன்று வராமலே போவதை யாரும் சந்தேகிக்கவில்லை. குலுக்கல் என்றால் அப்படித்தானே. ஒவ்வொரு முறையும் வேறு யாருடைய பெயராவது வரும்போது அக்கா முதலில் கை தட்டுவார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நம்ம நசீபு இன்னும் முழிச்சிக்கல" என்று சிரிப்பார். நசீபு என்றால் தலையெழுத்து. அதை எழுதிக்கொண்டிருந்த நான் பக்கத்தில் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

வருடம் ஒன்று தாண்டியபின், ஒருநாள் எல்லோரும் இறங்கிப் போகும்வரை அவர் வாசலிலேயே நின்றார்.

"தம்பி, சீட்டு இல்லாம ஒரே ஒரு தபா நம்ம படத்தைப் போட முடியாதா?"

அவர் எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. தேநீருக்குச் சர்க்கரை போதாவிட்டாலும் அப்படியே குடித்துவிடுவார். ஏன் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே அக்கா. உங்களுக்கு மாத்தினா மத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்றேன்.

சட்டைப்பையில் அவருடைய சீட்டை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"கரீட்டுதான் தம்பி" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அதற்கப்புறமும் ஐந்து மாதம் வந்தார். ஐந்து சீட்டு எழுதினார்.

ஆறாவது மாதம் வரவில்லை. முட்டி வலி என்றார் டீச்சர். ஏழாவது மாதத்துக்கு முன்பே, ஒரு வியாழக்கிழமை அலுவலகத்தில் இருந்தபோது டீச்சரிடமிருந்து ஃபோன் வந்தது. மெஹரக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாராம். மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் நேரமில்லையாம்.

அடுத்த வாரம் துக்கம் விசாரிக்க நானும் டீச்சரும் போனோம். கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. அக்காவின் மகள் ஷாஹீன் எங்களுக்குப் பாயை விரித்தாள். ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கம்மாவுக்குப் பிடித்த படம் எங்கள் குலுக்கலில் கடைசிவரை வரவே இல்லையே என்று கண் கலங்கினார். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

ஷாஹீனுக்கு இரண்டு வயதாகும்போது மஞ்சள் காமாலையில் அவள் அப்பா இறந்துவிட்டார். துணிக்கடையில் வேலை பார்த்தவர். அதற்கு முன் எப்போதோ ஒருநாள், படப்பிடிப்பில் கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று வேன் வந்து தெருவிலிருந்து அழைத்துப் போயிருக்கிறது. ஒரே ஒரு நாள். அந்தப் படம்தான் இது. வீட்டிலிருந்த புகைப்படங்கள் எல்லாம் ஒரு மழை வெள்ளத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. அவர் முகம் மிச்சமிருப்பது அந்தப் படத்தில் மட்டும்தான்.

"நான் சின்னப் பொண்ணா இருக்கறப்ப டிவில போட்டா, அதோ அதோன்னு அம்மி கைகாட்டறதுக்குள்ள போயிடும் சார், எந்தக் கூட்டம்னுகூட எனக்கு நெனப்பு இல்ல. ஃபோன்ல நிறுத்திப் பார்த்தா எல்லாம் கடுகு மாதிரி கீது, எந்தக் கூட்டம்னே அவங்க கண்ணுக்குத் தெரியல. உங்க சுவத்துல பெருசா போட்டா கண்டிப்பா காட்டிடுவேன்னு சொல்லிக்கினே இருந்தாங்க."

நான் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தவில்லை.

"சீட்டு விழுந்தா ஃபோன் பண்றேன், ஆட்டோ புடிச்சி வந்துடுன்னாங்க. ரெண்டாவது ஞாயித்துக்கிழமைன்னா குளிச்சி ரெடியா உக்காந்திருப்பேன் சார். பதினோரு மணி வரைக்கும் பார்ப்பேன். ஃபோன் வரலன்னா, சரி இந்த மாசம் இல்லன்னு சமைக்கப் போயிடுவேன்."

பதினெட்டு ஞாயிற்றுக்கிழமைகள்! நான் சமையலறையில் ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நல்ல உடை உடுத்திக்கொண்டு ஒரு பெண், தன் அப்பாவின் முகத்தைப் பார்க்கக் காத்திருந்திருக்கிறாள்.

சார் வீட்டுச் சுவரிலேயே போட்டுப் பார்க்கலாம், வாம்மா என்று டீச்சர் அவளை அழைத்தார். நான் தலையாட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும் பீரோவிலிருந்த சட்டைகளை எல்லாம் உதறினேன். பழைய சீட்டுகளைக் கசக்கி எறிந்துவிட்டிருந்தேன். ஆனால் ஒரு நீலச் சட்டையின் பையில் கடைசிச் சீட்டு இருந்தது. பிரித்தேன். படத்தின் பெயருக்குக் கீழே, கோணல் எழுத்தில் இன்னொரு வரி.

'ஒரு இடத்துல நிறுத்தணும் தம்பி.'

எந்த இடம் என்று எழுதவில்லை. அவர்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப் போகிறாரே, எதற்காக எழுத வேண்டும்?

அந்த மாதம் ஷாஹீன் வந்தாள். குலுக்கல் இல்லாமல் நாங்கள் பார்த்த ஒரே படம் அதுதான். அவளைச் சுவருக்கு அருகே உட்கார வைத்தோம். ரிமோட் என் கையில். கல்யாணப் பந்தல் வந்தது, நிறுத்தினேன். சந்தை வந்தது; நிறுத்தினேன். கோயில் திருவிழா வந்தது. அங்கே மட்டும் இருநூறு தலை இருக்கும். அவள் எழுந்து சுவரை ஒட்டிப் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பாதி முகங்கள் அவள் துப்பட்டாவின் மேல் விழுந்திருந்தன.

"இவரா இருக்குமா சார்?" என்று கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவரைக் காட்டினாள். பிறகு மீசை வைத்த இன்னொருவரைக் காட்டினாள். யாருக்குத் தெரியும்? கை நீட்டிச் சொல்லக்கூடிய ஒரே ஒருவர், ஒன்றரை வருடமாக இதே கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க நிறுத்தணும்னு அம்மி உங்ககிட்ட எப்பவாச்சும் சொன்னாங்களா சார்?"

இல்லையம்மா என்றேன். அன்றும் அந்த நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். சீட்டு பையில் இருந்தது. நீட்டியிருக்கலாம். அத்தனை பேர் முன்னிலையில்... வேண்டாம், காரணம் சொல்லப் போவதில்லை. நீட்டவில்லை.

அவள் நிறைய நேரம் நின்றாள். கடைசியில் ஃபோனை எடுத்து, மூன்று கூட்டங்களையும் மறுபடி நிறுத்தச் சொல்லி, சுவரை முழுசாகப் படம் பிடித்துக்கொண்டாள். இதில் யாரோ ஒருத்தர்தானே, இருக்கட்டும் என்றாள். எங்கள் வசந்தா டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அதே சிரிப்பு. அக்காவின் சிரிப்பு.

"அம்மி நசீபு அப்படி சார். கடைசிவரைக்கும் சீட்டு விழவே இல்ல."

"ஆமாம்மா" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.